கதை தெரிந்தும் ஏன் பதறுகிறோம்? திரில்லர் பார்க்கும் மனசுக்கு ஓர் எளிய விளக்கம்

பரபரப்பான படம் ஓடும்போது திரையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்தத் தியேட்டரானாலும் சரி. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போன கை அங்கேயே நின்றிருக்கும். கால்மேல் கால் போட்டிருந்தவர் இரண்டு காலையும் இறக்கித் தரையில் ஊன்றியிருப்பார். விரலிடுக்கு வழியாகப் பார்ப்பவர் ஒருவர், பக்கத்துச் சீட்டுக்காரர் தோளை இறுக்கிப் பிடித்திருப்பவர் ஒருவர். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, "அங்கன போவாத மக்ளே, அவன் உள்ளதான் நிக்கான்!" என்று திரையில் இருக்கும் பெண்ணிடம் சத்தமாகவே சொல்வார். அந்த நடிகைக்கு அது கேட்காது என்பதும், படம் எடுத்து முடித்து மாதக்கணக்காகிவிட்டது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

சஸ்பென்ஸ் என்றால் என்ன என்று கேட்டால், "அடுத்து என்ன நடக்கும்னு தெரியாம இருக்கிறதுதான்" என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அந்த அம்மா கத்தியது தெரியாமல் இருந்ததால் இல்லை. உள்ளே ஒருவன் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும், கதவைத் திறக்கப்போகும் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்த விஷயத்தை அவளிடம் கொண்டு சேர்க்க வழியில்லாததுதான் அவரை உலுக்குகிறது. ஆபத்து தெரிய வேண்டும், அதில் மாட்டப்போகிறவர் மேல் நமக்கு அக்கறை இருக்க வேண்டும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாமலும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் பதைபதைப்பு பிறக்கிறது.

அதிர்ச்சி வேறு, மர்மம் வேறு, பதைப்பு வேறு

திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை விளக்கிய விதம் சினிமா படிப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று அடியில் குண்டு வெடிக்கிறது. அப்போது நமக்குக் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி. அந்தக் குண்டை முன்னாலேயே பார்வையாளருக்குக் காட்டிவிட்டு, அதே பேச்சைத் தொடரவிட்டால் கால் மணி நேரம் நாம் தவிப்போம். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோ அவரிடம் எடுத்த நீண்ட நேர்காணலில் இதைச் சொன்னார்.

நம் ஊர்க் காட்சி ஒன்றை வைத்துப் பார்ப்போம். குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் பால்வெட்டப் போகிறாள். மரத்துக்கு மரம் நின்று, கத்தியால் பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறாள். அவள் விளக்கு விழும் வட்டத்துக்கு வெளியே எல்லாம் இருட்டு.

இதை இயக்குநர் மூன்று விதமாக எடுக்கலாம். அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டே போகிறாள், இருட்டிலிருந்து ஒரு கை வந்து தோளைப் பிடிக்கிறது, நாம் துள்ளுகிறோம். இது அதிர்ச்சி. அடுத்த விநாடியே அடங்கிவிடும். இரண்டாவது விதத்தில், ஒரு சிரட்டையில் வெள்ளைப் பாலுக்கு நடுவே சிவப்பாக ஒரு துளி மிதப்பதைப் பார்த்து அவள் நிற்கிறாள். யாருடைய ரத்தம், எப்போது விழுந்தது? இது மர்மம். இங்கே வேலை செய்வது மூளை. நாம் குனிந்து துப்பு தேடுகிறோம், நெஞ்சு அவ்வளவாகப் படபடப்பதில்லை. மூன்றாவதில், அவள் தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே, எட்டாவது வரிசையில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒருவன் பீடியை அணைப்பதை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். பிறகு அவள் முதல் வரிசையில் வேலையை ஆரம்பிக்கிறாள். இனி அவள் ஒவ்வொரு வரிசையாக முடித்து நகரும்போதும் நமக்கு ஒரு வரிசை குறைகிறது. நாள்தோறும் நடக்கும் பால்வெட்டுதான், கத்தி சீவும் அதே சத்தம்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் போவதற்குக் காரணம் நமக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயம்.

நல்ல திரில்லர்கள் மூன்றையும் கலந்தே தரும். ஆனால் திடுக்கிடல்களை மட்டும் அடுக்கி, பின்னணி இசையை வெடிக்கவிட்டு ஓடும் படங்களை நான் திரில்லர் என்றே கணக்கில் எடுப்பதில்லை. யார் காதுக்குப் பின்னால் டப்பாவைத் தட்டினாலும் துள்ளத்தான் செய்வார்கள். அதற்குக் கதை தேவையில்லை.

நீலி கதையில் இருக்கும் சூட்சுமம்

இதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு வெளிநாட்டு இயக்குநரை வைத்து விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான்.

நீலி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் இசக்கியம்மனாகக் குடிகொண்டிருப்பவளின் கதை. பாட்டில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. உயிரான கட்டம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க நீலி பெண் வடிவெடுத்து வருகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். இப்பிறவியில் செட்டியாகப் பிறந்திருக்கும் அவன் பின்னாலேயே ஊருக்குள் வந்து, "இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போறார்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். "இவள் பெண் இல்லை, பேய்" என்று அவன் கதறுகிறான். குழந்தையோ அவனைப் பார்த்து அப்பா என்கிறது. பெரியவர்கள் நியாயவான்கள், இரக்கம் உள்ளவர்கள். அவன் காப்பாக வைத்திருக்கும் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் அவள் யார் என்று தெரியும். அந்தப் பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது. கத்தி கைமாறும் அந்த இடத்தில் அண்ணாவி, அதாவது வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர், என்ன செய்கிறார் என்று கவனித்தால் முழுப் பாடமும் அங்கே கிடைத்துவிடும். அதுவரை வேகமாக ஓடிய பாட்டு நின்று வசனமாகிறது. வில்லில் வீசுகோல் விழும் அடி குறைகிறது. குடத்தின் சத்தம் தாழ்கிறது. அவர் ஒரு வரி சொல்வார், பின்பாட்டுக்காரர் "ஆமா" என்பார். இன்னொரு வரி, இன்னொரு "ஆமா". கத்தியைக் கொடுப்பானா மாட்டானா என்பதை அவசரமே இல்லாமல் இழுப்பார். பந்தலில் சாய்ந்து கிடந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். இன்றைக்கு ஒரு படத்தொகுப்பாளர் காட்சியை நீட்டுவதும், ஒலி வடிவமைப்பாளர் இசையைச் சட்டென்று நிறுத்துவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பந்தலில் இருக்கும் பெரும்பாலோர் அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்கள். முடிவு தெரியும், அடுத்த வரியே தெரியும். அப்படியிருந்தும் பதற்றம் வருகிறது. இந்தப் புதிரை மேலை நாட்டு ஆய்வாளர்களும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் எழுதிய கட்டுரையில், முடிவு தெரிந்த கதைகளிலும் சஸ்பென்ஸ் எழுவதைச் சோதனை வழியாகக் காட்டினார். கதைக்குள் மூழ்கியிருக்கும்போது மனம் ஒவ்வொரு நிகழ்வையும் புதிதாக நடப்பதுபோலவே எடுத்துக்கொள்கிறது, 'எனக்குத்தான் முடிவு தெரியுமே' என்கிற நினைவை அந்நேரம் துணைக்கு அழைப்பதில்லை என்பது அவர் தரும் விளக்கம்.

எனக்கு இதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. முடிவு தெரிந்திருந்தாலும் நம் அக்கறை குறைவதில்லை. மலையாளத்தில் 2013இல் வந்த 'திருஷ்யம்' 2015இல் தமிழில் 'பாபநாசம்' ஆனது. மலையாளப் படத்தை மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் வசன வரி இல்லாமலேயே புரிந்து பார்க்கும் ஜனம் இது. அந்தக் குடும்பம் எதை மறைக்கிறது என்று முழுக்கத் தெரிந்துகொண்டு, தமிழில் வந்தபோது மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் விசாரிக்க வந்ததும் மறுபடியும் மூச்சைப் பிடித்தார்கள்.

யாருக்காகப் பதறுகிறோம்

அந்தப் படத்தையே வைத்து இன்னொரு கேள்வியும் கேட்கலாம். சட்டப்படி பார்த்தால் அந்தக் குடும்பம் ஒரு குற்றத்தை மறைக்கிறது, போலீஸ் அதைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் முறை. ஆனால் அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் அவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறார்கள். ஏன்?

டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். படம் பார்க்கும்போது நாம் ஒவ்வொரு பாத்திரத்தையும் ஓயாமல் நியாயம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நல்லவர் என்று மனசு முடிவு கட்டிவிட்டால் அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், கெட்டது நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். கெட்டவன் என்று முடிவு கட்டினால் ஆசையும் அச்சமும் இடம் மாறிக்கொள்கின்றன. வில்லன் ஒளிந்திருக்கும் இடத்தை நோக்கி நாயகன் நடந்தால், "இன்னும் ரெண்டடி, இன்னும் ரெண்டடி" என்று நாமே தள்ளுகிறோம். இந்தத் தீர்ப்பு சட்டத்தைப் பார்த்து வருவதில்லை. ஒரு தகப்பன் பிள்ளைக்குச் சோறு போடுவதையும், அம்மா படுக்கையை உதறுவதையும் முதல் அரை மணி நேரம் நிதானமாகக் காட்டுகிறார்களே, அங்கேதான் நாம் தீர்ப்பு எழுதி முடிக்கிறோம். "மொத பாதி இழுவை" என்று திட்டுபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த இழுவை இல்லாவிட்டால் பின்பாதியில் பதறுவதற்கு நமக்கு ஆள் இருக்காது.

கொலை, துப்பாக்கி எதுவும் இல்லாத குடும்பப் படங்களிலும் இதே கணக்குத்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பவுன் என்ற கேள்வி இன்னும் வரவில்லை, அப்பா கையில் சாயா தம்ளர் லேசாக நடுங்குகிறது. உள்ளறையில் மகளுக்கு இன்னொரு விஷயம் மனசில் இருப்பது நமக்கு மட்டும் தெரியும். நமக்கு நெஞ்சடைக்க இது போதும். சொல்லப்போனால் நம்மில் பலர் பேயைப் பார்த்ததில்லை. இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

எதைக் கண்டு அஞ்சுகிறோம் என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு பட்டியலே தருகிறது. உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கும் மெய்ப்பாட்டியலில், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." பேய்ப்படம், மிருகம் துரத்தும் படம், கொலைகாரன் படம் என்று முதல் மூன்றையும் எளிதாக அடையாளம் காணலாம். நான்காவதான இறை, அதாவது நமக்கு மேலே இருந்து நம்மை ஆளும் அதிகாரம். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருக்கும் ஒருவனைக் காட்டும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சமீப காலத் தமிழ், மலையாளப் படங்களில் என்னை அதிகம் உலுக்குபவை இந்த நான்காம் வகைதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

மூளையின் உள்பக்கத்தில் அமிக்டலா என்று பாதாம்பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடித்து எச்சரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. நிதானமாக யோசிக்கும் பகுதி "இது படம்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள் எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கண்மணி விரிகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. செரிமானம் மட்டுப்படுவதால் வயிற்றில் ஒரு பிசைவு. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிவிட்டது. ஆனால் உட்கார்ந்திருப்பதோ சீட்டில். அதனால்தான் அந்த முறுக்கு வேறு வழி தேடுகிறது. பாக்கெட்டைக் கசக்குகிறோம், நகம் கடிக்கிறோம், திரையைப் பார்த்துக் கத்துகிறோம்.

ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தார் இதைக் காற்றிலேயே அளந்து பார்த்தார்கள். தியேட்டரிலிருந்து வெளியேறும் காற்றில் என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்சிக்குக் காட்சி குறித்தார்கள். 16 படங்கள், 108 திரையிடல்கள், சுமார் 9,500 பார்வையாளர்கள். 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பரபரப்பான இடங்களில் கரியமில வாயுவும் ஐசோப்ரீன் என்ற வாயுவும் காற்றில் கூடின. ஒரே படத்தை வேறு வேறு கூட்டம் பார்த்தபோதும் அதே இடங்களில் கூடின. ஐசோப்ரீன் நம் தசைகளோடு தொடர்புள்ளது. தசை இறுகி அசையும்போது மூச்சு வழியே வெளியே வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் இறுகியதைக் கூரைக் குழாயில் வந்த காற்று காட்டிக்கொடுத்துவிட்டது.

பயம் தீர்ந்ததும் வரும் சந்தோஷம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கும் ஸில்மனிடம் விளக்கம் உண்டு. 1970களில் அவர் முன்வைத்தது இது. ஆபத்து நீங்கியதை மனசு உடனே புரிந்துகொள்கிறது, உடம்போ அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருக்குமே, அதுபோல. மிச்சமிருக்கும் அந்தக் கிளர்ச்சி அடுத்து வரும் உணர்ச்சியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஒளிந்திருந்தவன் பூனைதான் என்று தெரிந்ததும் சாதாரணமாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் தியேட்டரே வெடித்துச் சிரிப்பதும், அம்மாவும் மகளும் கட்டிக்கொள்ளும் காட்சியில் முரட்டு ஆட்களும் கண்ணைத் துடைப்பதும் இதனால்தான். எவ்வளவு இறுகினோமோ அவ்வளவு அவிழ்கிறோம். காசு கொடுத்துப் பயப்படப் போவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

படம் எடுப்பவரின் பிடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உரி ஹாசன் என்பவரின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். படம் பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, ஒருவருடையதும் இன்னொருவருடையதும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பார்த்தபோது மூளைப் புறணியில் சுமார் 65 சதவீதப் பகுதி எல்லோருக்கும் ஒரே போக்கில் இயங்கியது. நியூயார்க் பூங்கா ஒன்றில் வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த காட்சிக்கு அது 5 சதவீதத்துக்கும் குறைவு. கேமராவை வைத்து எதிரே நடப்பதை அப்படியே பிடித்தால் ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்க்கிறோம். எதை எப்போது எவ்வளவு நேரம் காட்டுவது என்று ஒருவர் முடிவெடுத்தால், எல்லோரும் சேர்ந்து தவிக்கிறோம்.

நம் படங்களில் இந்தப் பிடியைப் பாட்டு தளர்த்திவிடும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் யோசித்தார். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் பாட்டே இல்லாமல் வந்தது. படத்துக்குப் பத்துப் பாட்டு சாதாரணமாக இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். இடைவேளை மட்டும் இன்றும் போகவில்லை. நம் கதாசிரியர்கள் அதையே முடிச்சாக்கிவிட்டார்கள்: கதவு பாதி திறக்கும்போது விளக்கு எரியும். முறுக்கேறிய உடம்போடு வெளியே வந்து, சூடாக ஒரு சாயாவும் ரசவடையுமாக நின்று, "அவன்தான் செஞ்சிருப்பான், கேட்டியா" என்று முன்பின் தெரியாதவரிடம்கூடப் பேசிவிடுகிறோம். இடைவேளை வேண்டாம் என்பவர்கள் உண்டு. நான் இடைவேளையின் பக்கம்தான். பதற்றத்தைப் பகிர்ந்துகொள்ளக் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடம் வீட்டுச் சோபாவில் கிடைக்காது.

எல்லோராலும் பார்க்க முடியாத காட்சிகள்

பயம் இன்பமாக மாறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மைக்கேல் ஆப்டர் என்ற உளவியலாளர் அதைப் பாதுகாப்புச் சட்டகம் என்றார். புலி இருக்க வேண்டும், நமக்கும் அதற்கும் நடுவே கம்பியும் இருக்க வேண்டும். புலி இல்லாத கூண்டில் சுவாரசியமில்லை. கம்பி இல்லாத புலியோடு இன்பமில்லை. திரை, சீட்டு, பக்கத்தில் இருப்பவர், 'எக்சிட்' என்று எரியும் சிவப்பு விளக்கு எல்லாம் நமக்குக் கம்பிகள்.

சிலருக்குச் சில காட்சிகளில் அந்தக் கம்பி இல்லாமல் போய்விடுகிறது. இதை நம் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கடலை உலுக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் ஒரு தடவை போனால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையில் புயல் செய்தி வந்தபோது நடுக்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி எட்டவில்லை. கரையில் இருந்த பெண்களுக்கு ஆபத்து தெரியும். கடலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் வழியில்லை. திரில்லரின் இலக்கணமாக மேலே எழுதினேனே, அந்த மூன்றும் அங்கே நிஜமாகவே கூடியிருந்தன. குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், தேடிப் போங்கள் என்று கேட்டு. பலர் திரும்பவில்லை. உடலும் கிடைக்காமல் போனவர்களுக்காக இன்னும் ஏதோ ஓர் ஓரத்தில் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அதற்கு முன்னால் 2004 டிசம்பர் 26 சுனாமி; குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி.

அந்தக் கரையைச் சேர்ந்த ஒருவர், படகு தொலையும் காட்சியில், வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் கேட்கும் காட்சியில் எழுந்து வெளியே போனால் அவர் பலவீனமானவர் இல்லை. மற்றவர்களுக்கு அது கதை, அவருக்கு நினைவு. கதைக்குள்ளே படகு கரை சேர்ந்துவிட்டால்கூட அந்த நிம்மதி அவருக்குக் கிடைக்காது. தன் வீட்டுக்காரர் சேரவில்லையே. "படம்தானே, உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கூடவே வெளியே போய் நில்லுங்கள். விபத்தில் ஒருவரை இழந்தவருக்கு ஆஸ்பத்திரிக் காட்சியும், அடி வாங்கி வாழ்ந்தவருக்குக் கதவு தாழிடும் சத்தமும் இதே போலத்தான்.

அதேபோல, பயமே வராமல் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. சிலர் இயல்பிலேயே அப்படி. சிலர் தொழில்நுட்பத்தைக் கவனித்துத் தங்களைத் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலருக்குக் கோபம் வரும்: "சவம், எதுக்கு இவ்வளவு இழுக்கான்!" அதுவும் பதற்றத்தின் இன்னொரு முகம்தான்.

பதற்றம் தாங்கவில்லை என்றால்

"எனக்கு வெப்ராளமாட்டு வருது, நீ பாத்துட்டு சொல்லு" என்று முகத்தை மூடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கண்ணைவிடக் காதை மூடுங்கள். பதற்றத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது ஒலி. தாழ்ந்த சுருதியில் நீளும் ஒரு இரைச்சல், மெல்ல வேகமெடுக்கும் இதயத் துடிப்பு, பிறகு திடீர் நிசப்தம். கண்ணை மூடினால் அதைவிடப் பயங்கரமான காட்சியை மனசே வரைந்துகொள்ளும். வீட்டில் பார்ப்பதானால் சத்தத்தைக் குறைத்தாலே பாதி இறங்கிவிடும், விளக்கு ஒன்றைப் போட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம். மூச்சைப் பிடித்திருப்பது தெரிந்தால் மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். அடங்க நேரமாகும் என்று மேலே சொன்னேன், ஆகவே படுக்கப்போகும் நேரத்தில் திரில்லரைத் தொடங்காமல் இருப்பது நல்லது. நெஞ்சு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். இப்போது தணிக்கைச் சான்றிதழில் யு, ஏ தவிர, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று வயது பிரித்தே தருகிறார்கள். 2024இல் வந்த விதி இது. படம் ஆரம்பிக்கும்போது திரையில் சில விநாடி காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். யுஏ என்பது தடை இல்லை, பெற்றோர் யோசித்துக் கூட்டிப்போகச் சொல்லும் அறிவுரை. உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும் என்பது வாரியத்துக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதைக்கும் நிஜத்துக்கும் நடுவில் இருக்கும் கம்பி இன்னும் உறுதியாகவில்லை. பயந்து ஒட்டிக்கொள்ளும் பிள்ளையிடம் "பயப்படாத" என்று சொல்வதால் பயம் போகாது. முடிவைச் சொல்லிவிடுங்கள். "அந்த நாய்க்குட்டி கடைசில வீட்டுக்கு வந்துரும் மக்ளே" என்று காதில் சொன்னால் பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கிறது, படத்தின் சுவையும் கெட்டுவிடாது. ஆற்றில் நாய்க்குட்டி விழும்போது அது மறுபடியும் உங்கள் கையைப் பிடிக்கும். அப்போது இன்னொரு தடவை சொல்லுங்கள்.